பன்னிரண்டு நாள் சாமி

வெள்ளிங்கிரி அந்தப் பலகையை ஏழாவது தடவை படித்து முடித்தபோது, தண்ணீர் வேண்டுமா என்று மரகதம் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எட்டாவது தடவை ஆரம்பித்தார். டிரெட்மில் பரிசோதனைக்கு வந்திருப்பவர்கள் கவனத்துக்கு என்று சிவப்பில் தலைப்பு, கீழே நாலு வரி. முதல் மூன்று வரிகளோடு அவருக்கு ஒரு சண்டையும் இல்லை. வயிறு முட்டச் சாப்பிட்டு வரக் கூடாதாம், சாப்பிடவில்லை. தளர்வான உடுப்பு வேண்டுமாம், கறுப்பு வேட்டியைவிடத் தளர்வாக உலகத்தில் என்ன இருக்கிறது. பழைய மாத்திரைச் சீட்டு வேண்டுமாம், மரகதத்தின் பைக்குள் பத்திரமாக இருக்கிறது. நாலாவது வரிதான் ஆளைப் போட்டுப் படுத்தியது. ‘சும்மா இருக்கும்போது நெஞ்சுவலி வந்திருந்தால் மெஷினில் ஏறும் முன்பே கட்டாயம் சொல்லிவிடவும்.’ கட்டாயம் என்பதற்கு அடியில் யாரோ பேனாவால் கோடு வேறு இழுத்திருந்தார்கள். எந்தப் புண்ணியவான் வேலை மெனக்கெட்டு இதைச் செய்தானோ என்று எரிச்சலாக வந்தது. எதிரே மூடியிருந்த கதவுக்குப் பின்னால் மெஷின் ஓடும் சத்தமும் அதன்மேல் ஒருவர் நடக்கும் சத்தமும் கேட்டன. தொப்பு, தொப்பு, தொப்பு. இப்போது கொஞ்சம் வேகம் கூடியது. உள்ளே போனவர் மஞ்சள் சட்டைக்காரர், அவருக்கு அடுத்து வெள்ளிங்கிரி. காலுக்கடியில் டைல்ஸ் சில்லென்றிருந்தது. மாலை போட்டிருப்பதால் செருப்பு இல்லை, பன்னிரண்டு நாளாகக் கோயமுத்தூர் ரோடு முழுவதையும் உள்ளங்காலால் அளந்தாயிற்று. ஆஸ்பத்திரித் தரைக்குத்தான் இன்னும் பழகவில்லை, ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் வைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் டாக்டர் கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்வி. ஈசிஜி காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, பெரிய மாற்றம் ஒன்றுமில்லை சாமி, லேசாகத்தான் இருக்கிறது, ஆமாம் சிகரெட் பிடிப்பீங்களா என்றார். பதில் சொல்ல வெள்ளிங்கிரி வாயைத் திறந்தது உண்மை. என்ன பதில் வந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் அவருக்கே தெரியவில்லை. அதற்குள் மரகதம் முந்திக்கொண்டாள். டாக்டரிடம் போனால் அவருக்குப் பசி, தூக்கம், மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வது அவள்தான், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மூணு வருசமா கையில தொடறதில்லீங்க டாக்டர் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பு! மகள் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தபோது அந்த மாதிரி இருந்தது. டாக்டர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, மூணு வருஷமா, ரொம்பப் பெரிய விஷயம் சாமி, பாதி ஆபத்தை நீங்களே குறைச்சுட்டீங்க என்றார். வெள்ளிங்கிரி சிரித்தார். கழுத்தில் துளசி மாலையும் நெற்றியில் சந்தனமுமாகச் சிரித்தார். அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லை, எதற்கும் மெஷினில் நடக்கவிட்டுப் பார்த்துவிடுவோம், நன்றாக நடந்தால் மலைக்கே போகலாம் என்று டாக்டர் சொல்லி முடித்ததும் மரகதம் கும்பிட்டாள். இவரும் கும்பிட்டார். நான் பொய் சொல்லவில்லையே, வாயே திறக்கவில்லையே என்று வெளியே வந்ததும் மனசு ஒரு கணக்குப் போட்டது. அதுவுமில்லாமல் இன்றைய தேதிக்கு அது பொய்யே இல்லை, பன்னிரண்டு நாளாகச் சிகரெட்டைத் தொட்டால்தானே? இந்த மனசு மட்டும் வக்கீலாகியிருந்தால் எங்கேயோ போயிருக்கும்.

பன்னிரண்டு நாள். அதற்கு முன்னால்? அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம். அதை விடு, அது பழைய கதை, இப்போது பிரச்சனை நாலாவது வரி. சும்மா இருக்கும்போது வந்ததா என்றால் வந்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முதல் தடவை ஐப்பசியில், கணபதி ஏரியாவில் அவருடைய மோட்டார் ஒர்க்ஷாப்புக்குப் பின்சந்தில் இருக்கிற பேக்கரியில். டீயும் சிகரெட்டுமாகச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பாதிச் சிகரெட்டில் நெஞ்சுக்கு நடுவே யாரோ முட்டியை வைத்து அழுத்தியது போல இருந்தது, இடது தாடைவரை ஏறியது. வாயுவாக இருக்கும் என்று சோடா குடித்தார், மிச்சச் சிகரெட்டையும் குடித்தார். இரண்டாவது தடவை ஸ்டூலில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தபோது. எண்ணிக்கை விட்டுப்போய் முதலிலிருந்து சுற்றினார், அந்தக் கோபத்தில் வலியை மறந்தார். மூன்றாவது தடவைதான் ஆளைக் கவிழ்த்தது. போன செவ்வாய்க்கிழமை, விரதத்தின் ஒன்பதாம் நாள், விடியற்காலைப் பச்சைத்தண்ணிக் குளியலை முடித்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாத்திரத்தில் வந்தது. சிகரெட் இல்லை, மூட்டை தூக்கவில்லை, வாயில் சரணம், கையில் கற்பூரத் தட்டு. தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துவிட்டார். மரகதம் ஓடிவந்து என்ன சாமி என்று கேட்டபோது, நேற்றைக்கு அஞ்சு ஹெச்பி மோட்டாரைத் தனியாளாகத் தூக்கினேன், அது பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டார். சொல்ல வேண்டும் என்று யோசித்தே சொல்லவில்லை, அதுவாக வந்தது. மூன்று வருஷப் பழக்கம். சும்மா இருக்கையில் வந்தது என்று சொன்னால், முன்னால் எப்போதாவது வந்ததா என்பாள். வந்தது என்றால் எங்கே என்பாள். பேக்கரி என்றால் அங்கே எதற்குப் போனீர்கள் என்பாள். அவள் கேட்கிற கேள்விகளுக்கு ஒன்றிலிருந்து ஒன்றாக இழுத்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும், அதனால் முதல் கேள்வியிலேயே கதவைச் சாத்திவிட்டார். டாக்டரிடமும் அதே மோட்டார்தான். பளு தூக்கினால் வருகிறது, வேலையை நிறுத்தினால் போய்விடுகிறது என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

தொப்புத்தொப்பு வேகமாகிவிட்டது. மஞ்சள் சட்டைக்காரர் ஓடவே ஆரம்பித்துவிட்டார் போல. மெஷினின் மோட்டார் நல்ல மோட்டார், சத்தத்திலேயே தெரிகிறது, பளு கூடினாலும் முனகவில்லை. வெள்ளிங்கிரிக்கு மோட்டாரைக் காதால் பார்க்கத் தெரியும். எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவருகிற தோட்டக்காரர்களிடம் அவர் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான், கிணத்துல தண்ணியில்லாம ஓட்டுனீங்களா? ஒருத்தர்கூட ஆமாம் என்று சொன்னதில்லை. கரண்டு கூடக்குறைய வந்தது என்பார்கள், இடி விழுந்தது என்பார்கள், போன தடவை நீ சுற்றியது சரியில்லை என்றுகூட ஒருத்தர் சொன்னார். அவருக்கு வருமே ஒரு கோபம். ‘உங்க மானத்தக் காப்பாத்தறதுக்கு நான் மோட்டார் பாக்கறதில்லீங்க, உள்ளதச் சொன்னாத்தான் சுத்த முடியும்’ என்று கத்துவார். தெருவுக்கே கேட்கும். இப்போது அது தன் காதுக்கே கேட்பதுபோல இருந்ததும் நாற்காலியில் புரண்டு உட்கார்ந்தார். மரகதம், பயமா இருக்குதுங்களா சாமி என்றாள். இல்லை என்றார். பொய்க் கணக்கில் இதுவும் ஒன்று சேர்ந்தது. அடுத்து நடந்ததை நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருந்தது. கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது. கறுப்புச் சட்டையில் பையே கிடையாது. நாக்கு ஊறியது, ஒன்றே ஒன்று, வெளியே போய்ப் பாதி, இரண்டு இழுப்பு, அப்புறம் வந்து எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், துணிச்சல் வந்துவிடும். நெஞ்சுவலி ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலிக்காரன் சிகரெட்டை நினைத்து எச்சில் விழுங்குகிறான், இவனுக்குச் சாமி என்று ஒரு பெயர்.

காலையில் ஈசிஜி எடுத்த நர்ஸ் பக்கத்துக் கட்டில்காரரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சிகரெட்டுக்கும் ரத்தக்குழாய் சுருங்குது, ரத்தம் கெட்டிப்படுது, நெஞ்சுக்குப் போற காத்துல ஒரு பங்கைப் புகை பிடுங்கிக்குது, நுரையீரல்தான் கெடும்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க, மொதல்ல அடிவாங்கறது இருதயம்தான், ஒண்ணு ரெண்டுதான் குடிக்கறேன்னு சொல்றதெல்லாம் இங்க செல்லாது. அந்தக் கட்டில்காரர் தலையைக் குனிந்துகொண்டார், திரைக்கு இந்தப் பக்கம் வெள்ளிங்கிரியும் குனிந்துகொண்டார். விட்ட அன்னைக்கே நல்லது ஆரம்பிச்சுடும், ஒரு வருசம் தாண்டினா ஆபத்து பாதிக்குக் கொறஞ்சுடும் என்று அவள் சொன்னதை மட்டும் மனசு கப்பென்று பிடித்துக்கொண்டது. ஒன்பது வருஷமாக மாலை போடுகிறார், வருஷத்துக்கு நாற்பத்தெட்டு நாள் சுத்த விரதம், சிகரெட் வாசம் அடித்தால்கூட எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஒன்பது நாற்பத்தெட்டு நானூற்று முப்பத்திரண்டு. ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆயிற்றே! அப்படியானால் பாதி குறைந்திருக்க வேண்டாமா? ரொம்ப நாளாகவே அவருக்குள் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு, வெளியே யாரிடமும் சொன்னதில்லை. வருஷம் முழுக்கச் சேர்ந்ததையெல்லாம் கார்த்திகை ஒன்றிலிருந்து உடம்பு கழுவிவிட்டுவிடும், தை பிறந்ததும் புதுசாக ஆரம்பிக்கலாம் என்று. மாலையைக் கழற்றிய சாயங்காலமே பற்ற வைக்கிற முதல் சிகரெட்டுக்கு அவர் மனசில் கிட்டத்தட்டப் பிரசாதத்தின் இடம். அவரோடு மலைக்கு வருகிற கோஷ்டியில் பாதிப் பேர் இதே கணக்கில் ஓடிக்கொண்டிருப்பவர்கள்தான். துண்டு துண்டாக விட்டதையெல்லாம் கூட்டிக் காட்டினால் எந்த இருதயம் ஒத்துக்கொள்ளும் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை கற்பூரத் தட்டுக்கு முன்னால் அதற்குப் பதில் வந்துவிட்டது, அதுவும் விரதத்துக்கு நடுவிலேயே.

சொல்லிவிட்டால் என்ன? இப்படித் திரும்பி, மரகதம், டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தால் என்ன? திரும்பினார். அவள் மடியில் ஆஸ்பத்திரிப் பையை அணைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளுக்குக் கொஞ்சம் கீழே முடி. அதில் சரியாக நிற்காத மல்லிகைச் சரத்துக்கு நாலு ஊசி. வெள்ளிங்கிரியால் அதைப் பார்க்க முடியாது, மூன்று வருஷமாகவே முடிந்ததில்லை. அவளுடைய அண்ணன் நாற்பத்தாறு வயசில் கையில் புகையும் சிகரெட்டோடு பஸ் ஸ்டாண்டில் விழுந்து போனவர். அந்த வருஷம்தான் வெள்ளிங்கிரி மாலையைக் கழற்றிய கையோடு, இனிமேல் ஜென்மத்துக்கும் தொடமாட்டேன் என்று சொன்னார். மனசாரத்தான் சொன்னார், அதில் பொய் இல்லை. மாலையில்லாமலே ஒரு மண்டலம் அவர் சிகரெட்டைத் தொடாமல் தாண்டிவிட்டால் பழனியில் முடி கொடுப்பதாக அவள் வேண்டிக்கொண்டது அவருக்கு அப்போது தெரியாது. பத்தொன்பதாம் நாள் பேக்கரியில் ஒன்றே ஒன்று. ஒர்க்ஷாப்பில் வார்னிஷ் வாசத்துக்கு நடுவே சிகரெட் வாசம் எங்கே தெரியப்போகிறது, அந்த வார்னிஷ் மூன்று வருஷம் அவருக்குக் காவல் நின்றது. மண்டலம் முடிந்தது என்று அவள் சொன்னபோது, முடியெல்லாம் எதுக்கு, வேற ஏதாச்சும் வேண்டிக்கக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தார். ‘குடுக்கறதுக்கு எங்கிட்ட இதவிடப் பெருசா வேற என்னங்க இருக்குது’ என்றாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. கல்யாணத்தன்று ஊர்ப் பெண்களெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்த முடி. அவள் முடியிறக்கும் மண்டபத்தில் குனிந்து உட்கார்ந்தபோது, சந்தனம் வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு இவர் போனது அடிவாரத்தில் ஒரு பெட்டிக்கடைச் சந்துக்கு. நின்று நிதானமாக ஒன்று குடித்தார். ஏலக்காயை மென்றுகொண்டு சந்தனத்தோடு திரும்பினால், மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு கூச்சத்தோடு சிரித்தபடி நின்றாள், எப்படி இருக்குதுங்க என்றாள். நல்லா இருக்குது என்றார். அந்த இடத்தில் நினைவு ஒவ்வொரு தடவையும் நின்றுவிடும், அதற்குமேல் நகராது. சாவுகூடப் பரவாயில்லை என்று அந்தச் சில்லிட்ட தரையில் கால்வைத்தபடி அவர் நிஜமாகவே நினைத்தார். மெஷினில் விழுந்து செத்தால், நல்ல மனுசன், கெட்ட பழக்கம் ஒண்ணு கிடையாது, மாலையோட போயிட்டாரு என்பாள். அழுவாள், ஆனால் கொடுத்த முடி கொடுத்ததாகவே இருக்கும். அப்படிப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு ஏறிவிடுவதே நல்லது என்று ஒரு நிமிஷம் முழுதாக நம்பினார். அடுத்த நிமிஷம் கண் தானாகப் பலகையின் நாலாவது வரிக்குப் போயிற்று.

கதவு திறந்தது. மஞ்சள் சட்டைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒண்ணுமில்லீங்க, சும்மா நடக்கறதுதான் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிங்கிரி சாமி வாங்க என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள். மரகதமும் கூடவே வந்தாள், யாரும் தடுக்கவில்லை. டிரெட்மில் பார்க்கிற பெண் சின்ன வயசு, சட்டையைக் கழற்றச் சொன்னாள், மாலையைக் கழற்ற வேண்டாம் சாமி, முதுகுப் பக்கம் தள்ளிக்கலாம் என்று அவளே சொன்னாள். நெஞ்சில் பத்து இடத்தில் வில்லையை ஒட்டி ஒயரை மாட்டினாள். ஒயர் மாட்டுகிற கையைப் பார்த்துக்கொண்டே நின்றார், நேர்த்தியான கை. மெஷினில் ஏறினார். ரப்பர் பெல்ட் வெறுங்காலில் சொரசொரவென்றிருந்தது. அவள் ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள், சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, மரகதம் பதில் சொன்னாள். சிகரெட் என்றாள், மூணு வருசமா இல்லீங்க என்றாள் மரகதம். உட்கார்ந்திருக்கும்போது, படுத்திருக்கும்போது வலி வந்திருக்கா என்றாள், அதெல்லாம் இல்லீங்க, பளு தூக்குனாத்தான் என்றாள் மரகதம். அந்தப் பெண் தாளை வைத்துவிட்டுப் பொத்தானில் விரலைக் கொண்டுபோனாள். அந்த விரல் போன தூரம் ஒரு சாண்கூட இருக்காது. அதற்குள் வெள்ளிங்கிரி என்னவெல்லாமோ நினைத்தார் என்று சொன்னால் அது கதை. ஒன்றும் நினைக்கவில்லை. தாடையில் லேசாக, ரொம்ப லேசாக அந்த இழுப்பு மறுபடி வந்தது. அவருக்கு உயிரோடு இருக்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

“அம்மிணி, போடாதீங்க.”

விரல் நின்றது. என்ன சாமி என்றாள் அந்தப் பெண். வெள்ளிங்கிரி மெஷினின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மரகதத்தைப் பார்க்கவில்லை, எதிரே இருந்த திரையில் தன் நெஞ்சு கிறுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தபடியே சொன்னார்.

“சும்மா இருக்கறப்பத்தான் வந்துச்சு. மூணு தடவை. இப்பவும் லேசா இருக்குது. மோட்டார் தூக்குனேன்னது பொய்யிங்க. சிகரெட்டும் விடலீங்க, பன்னெண்டு நாளாத்தான் இல்ல. அதுக்கு முன்னால தெனமும் பத்து.”

அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து மெல்ல இறக்கிக் கட்டிலில் உட்கார வைத்தாள், ஒரு மாத்திரையை நாக்குக்கடியில் வைத்தாள், டாக்டருக்குப் போன் செய்தாள். தாளில் அடித்துத் திருத்தி எழுத ஆரம்பித்தாள். மரகதம் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பையை இறுக்கிப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது. அவள் கத்தினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

“பத்துத்தானுங்களா?” என்றாள் மரகதம்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மூன்று வருஷம் கதவைச் சாத்தி வைத்திருந்தார். இப்போதும் மனசு ஒரு நிமிஷம் கதவை மறுபடி சாத்தப் பார்த்தது. பன்னிரண்டு என்று சொல்லலாமா?

“பதினஞ்சு. சில நாள் இருவது” என்றார். “இருவதுன்னே எழுதிக்குங்க அம்மிணி.”

டாக்டர் வேகமாக வந்தார். இன்னொரு ஈசிஜி எடுத்தார், இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திட்டவில்லை. இந்த நிலைமையில் மெஷினில் ஏற்றியிருந்தால் என்று ஆரம்பித்துவிட்டு முடிக்காமல் விட்டார். இப்போதே உள்ளே சேர்த்து ஆஞ்சியோ பார்க்க வேண்டும், அடைப்பு இருந்தால் அங்கேயே எடுத்துவிடலாம், மலைக்கு இந்த வருஷம் போக முடியாது என்று மரகதத்திடம் நிதானமாகச் சொன்னார். ஒரு தாளை நீட்டி, எதுவும் நடக்கலாம் என்பதற்குச் சம்மதம், கையெழுத்துப் போடும்மா என்றார். அவள் வாங்கிக் கட்டில் ஓரத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவசரம் என்று நர்ஸ் சொல்லியும் முழுக்கப் படித்தாள். உறவுமுறை என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு மனைவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தள்ளுவண்டி வந்தது. படுக்க வைத்தார்கள். மேலே விளக்கில் கண் கூசியது, அதற்கு நடுவே மரகதத்தின் முகம் வந்தது. அழுதிருக்கவில்லை. அவர் மரகதம் என்று ஆரம்பித்தார். அவள் அவருடைய உதட்டின்மேல் கையை வைத்துப் பொத்தினாள். லேசாக இல்லை, கொஞ்சம் வலிக்கிற மாதிரியே.

“இப்ப ஒண்ணும் பேச வேண்டாம். பொழச்சு வாங்க. உங்ககிட்டக் கேக்க வேண்டியது எனக்கு நெறைய இருக்குது.”

வண்டி நகர்ந்தது. அவள் கூடவே கடைசிக் கதவுவரை நடந்து வந்தாள், அங்கே கிடந்த நாற்காலியை இழுத்துக் கதவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டாள்.